முத்தியால்பேட்டை ரொட்டி அடுப்பில் ஒரு இங்கிலீஷ் டார்ட்

என் பேத்தி நடத்தும் இந்தப் பயணப் பக்கத்தில் போன மாதம் புதுச்சேரி ரொட்டி அடுப்புகளைப் பற்றி எழுதியிருந்தாள். வீட்டில் பிசைந்ததை அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவது எப்படி, வெளியூர்க்காரர்கள் போனால் சுட்டுத் தருவார்களா என்று கீழே பல பேர் கேட்டிருந்தார்கள். அவள் அடுப்பைப் படம் எடுத்தவள். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். அதனால் இந்த ஒன்றை நானே எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம்தான் நின்றுபோனது, ஞாபகம் நின்றுபோகவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். தவளக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கும், அங்கிருந்து கடற்கரைப் பக்கத்துக்கும், டார்ட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் காலையில் எழுந்து பழக்கத்துக்குச் சட்டை மாட்டிக்கொள்வார், பிறகு போக இடமில்லாமல் சந்திப்பு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். அப்போதுதான் எங்கள் கோயிலில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு இங்கிலீஷ்கார அம்மா சமையலுக்கு ஆள் தேடுகிறார் என்றார்.

அவர் பெயர் டோரதி அம்மா. பெரிய வீட்டில் நான்கு அறைகளை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விட்டிருந்தார். பைபிளை வைத்துத் தமிழ் படித்தவர். அதனால் அவர் பேசினால் கோயிலில் வாசகம் கேட்பது மாதிரி இருக்கும். முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "என் வீட்டிலே மதுபானத்தின் வாசனையும் இருக்கலாகாது." முன்பு இருந்த சமையல்காரர் அதில்தான் வேலையை விட்டுப் போனாராம். இரண்டாவது, அவர் அம்மா செய்த பேக்வெல் டார்ட். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு இங்கிலாந்து விருந்தாளிகளுக்குத் தேநீர். அதில் அந்த டார்ட்டைச் சரியாகச் செய்து வைத்தால் சமையல் வேலை எனக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைதாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, அதன்மேல் சிவப்பு ஜாம் தடவ வேண்டும். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, அரைத்த பாதாம் நான்கையும் அடித்து ஜாமின்மேல் ஊற்றிச் சுட வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் மேலே பொன்னாக வரும்போது அடிமாவு பச்சையாகவே இருக்கும். அடி வேகவேண்டும், அதுதான் சங்கதி. அந்த வீட்டில் ஒரு மின்சார அடுப்புப் பெட்டி இருந்தது. கரண்டு வந்து வந்து போனதில் அதில் எதற்குமே அடி வேகாது. நான் வீட்டில் அலுமினியக் குண்டானில் மணல் போட்டு, மூடிமேல் கங்கு வைத்து, ஜாம் இல்லாமல் ஒன்று செய்து பார்த்தேன். அடி களியாக இருந்தது. ஜாமோ டோரதி அம்மா கொடுத்த அரை பாட்டில்தான். விருந்தாளிகள் கொண்டுவந்தது. ஒரே ஒரு தடவைக்கு வரும்.

அடி வேக வேண்டுமென்றால் விறகு எரித்த கல் தரை வேண்டும். அதற்கு ரொட்டி அடுப்புதான். எனக்குத் தெரிந்த ரொட்டி அடுப்பு முத்தியால்பேட்டை அந்துவான் அண்ணனுடையது. அந்துவான் அண்ணன் யாரென்றால் பிலோமினாவின் தம்பி. பிலோமினா யாரென்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவளிடம் நான் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. என் பெரிய பையன் ஞானஸ்நானத்துக்கு நான் செய்த கேக்கை எல்லார் முன்னாலும் விரல் முட்டியால் தட்டி, "யாராவது உள்ள இருக்காங்களான்னு பாரு" என்றவள் அவள். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள், ரவிக்கை அதற்குச் சேரவில்லை. சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இருந்தாலும் போனேன். ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

விடியற்காலையில் மாவு பிசைந்தேன். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகிவிடும். தட்டில் மாவைப் பரப்பி, ஜாம் தடவி, ஈரத்துணி போட்டு மூடி, அதைக் கூடையில் வைத்தேன். முட்டைக் கலவை தனியாகத் தூக்குச் சட்டியில். பாதாம் வாங்க வழியில்லாததால் கோயில் மரத்து வாதாங்கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து அரைத்திருந்தேன். டோரதி அம்மாவிடம் அதை முன்பே சொல்லிவிட்டேன். ஒரு பருப்பை வாயில் போட்டுப் பார்த்து, "இது நல்லது" என்றார்.

தவளக்குப்பம் சந்திப்பில் ஒன்பதேகால் பஸ். ஊருக்குள் போக ஒன்பது கிலோமீட்டர் இருக்கும், அரை மணி நேரம். டிக்கெட் அப்போது முக்கால் ரூபாய். பண்டிகைக் கூட்டம். கண்டக்டர் என் மடியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, குழந்தைய மூடுற மாரி மூடி வெச்சிருக்க?"

"டார்ட்டு."

"அழுவாம வருதே. அதுக்கு அரை டிக்கெட் போடலாமா?"

"வெந்தப்புறம் கேளுங்க, முழு டிக்கெட்டே எடுக்கறேன்."

சுண்ணாம்பாறு பாலம் தாண்டும்போது பஸ் குலுங்கி, பக்கத்தில் நின்ற அம்மாவின் பூக்கூடை என் துணிமேல் உட்கார்ந்தது. மாவின் ஒரு ஓரம் அமுங்கிப்போனது. அரியாங்குப்பம் வரும்வரை துணிக்கடியில் கையை விட்டு அந்த ஓரத்தை நிமிர்த்திக்கொண்டே வந்தேன். முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்த வழியில் போகிறவர்கள் கேட்டுக்கென்று கால் மணி நேரம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கும் அப்படித்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து முத்தியால்பேட்டைக்கு சைக்கிள் ரிக்ஷா. இரண்டு ரூபாய் சொன்னார், ஒன்றரைக்கு வந்தார். பெரிய தெருவில் இறங்கி உள்ளே திரும்பினால் வீடும் பேக்கரியும் ஒட்டியே இருக்கும். வாசலிலேயே பிலோமினா நின்றாள்.

"வா ஞானம். மூணு வருஷமா வழி மறந்துட்டியா?"

"வழி மறக்கல அக்கா. அடுப்பு வேண்டியிருந்துச்சு, வந்தேன்."

"அடுப்பு எங்க தம்பியோடது. சோறு என்னோடது. சாப்புட்டாதான் தட்டு வெளிய வரும்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும். காலை ரொட்டி இறங்கியதும் தெருவே தட்டோடு வந்து நிற்கும். எல்லாம் விவிக்கம் கேக். ரவையும் வெண்ணெயும் ஊறவைத்த பழமும் போட்டு எங்கள் ஊரில் பண்டிகைக்குச் செய்வது. ஒவ்வொரு வீட்டுத் தட்டோடும் ஒரு சின்ன பாட்டில் ரம் வரும். கேக் அடுப்பிலிருந்து இறங்கியதும் சுடச்சுட அந்த ரம்மைக் கரண்டியால் மேலே ஊற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே இறங்கும். ஊற்றுவது அந்துவான் அண்ணன் வேலை. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நான் கொண்டுபோனது கேக் இல்லையே, அதற்கும் இதற்கும் என்ன என்று இருந்துவிட்டேன்.

என் முறை வருவதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. அந்துவான் அண்ணன் சவுக்குக் கங்கை ஒதுக்கிவிட்டுக் கல் தரையில் ஒரு சிட்டிகை மாவு தூவினார். அது உடனே கறுத்தது. "இன்னும் ஆறணும்" என்றார். இரண்டாம் தடவை தூவியது மெல்லச் சிவந்தது. அப்போது நான் தூக்கைத் திறந்து கலவையை ஜாமின்மேல் ஊற்றினேன். ஜாம் மேலே கிளம்பாமல் கரண்டியின் முதுகில் விட்டு ஊற்ற வேண்டும், அவசரப்படக் கூடாது. நீளமான மரத் துடுப்பில் தட்டை வைத்து உள்ளே தள்ளினார்.

"எவ்ளோ நேரம்மா?"

"முக்கா மணி நேரம்னு அந்த அம்மா சொன்னாங்க."

"என்கிட்ட கடியாரம் இல்ல. செபமாலை கணக்குல சொல்லு."

பிலோமினா சொன்னாள், "ரெண்டு செபமாலை. நடுவுல நான் பேசாம சொன்னா." அவள் பேசாமல் சொல்கிறவள் இல்லை, அதனால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

கத்திரிக்காய்க் குழம்பும் சோறும் போட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. மில் எப்போது திறக்கும் என்று கேட்டாள், தெரியாது என்றேன். "அவரு குடிக்கிறாரா?" என்றாள். "டீ குடிக்கிறாரு" என்றேன். கை கழுவிக்கொண்டு பேக்கரிக்குள் நுழைந்தபோது என் தட்டு மேசையில் இருந்தது. மேலே பொன் நிறம், ஓரம் பழுப்பு, நிமிர்த்திவிட்ட ஓரம்கூட நேராக நின்றிருந்தது. கிட்டே போனதும் ஒரு வாசனை மூக்கில் ஏறியது.

"அண்ணே, இதுல இன்னா ஊத்துனீங்க?"

"ரம்மு." அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். "பாட்டில் இல்லாம வந்துச்சு உன் தட்டு. மில்லு மூடிக் கெடக்குன்னு அக்கா சொன்னா. பாட்டில் இல்லாம வர்ற தட்டுக்கு நான் என் பாட்டில்லேந்து ஊத்துறது வழக்கம்தான், எவ்ளோ வீட்டுக்கு ஊத்தியிருக்கேன், யார்கிட்டயும் சொல்றதில்ல. உனக்கு மனசு கேக்காம ரெண்டு கரண்டி கூடவே வுட்டேன்."

ஜாம் தீர்ந்துவிட்டது. நேரமும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர்மேல் கோபப்பட ஒரு வழியும் இல்லை. அதனால் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன்னை யாரு மில்லப் பத்திச் சொல்லச் சொன்னது?"

"ஊருக்கே தெரியும். நான் சொல்லித்தான் மூடுனாங்களா?"

"அந்த அம்மா வீட்டுல சாராய வாசனையே ஆகாது. இத எடுத்துட்டுப் போனா வாசப்படியோட சரி."

அந்துவான் அண்ணன் முகம் சுண்டிப்போனது. கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிலோமினா விடுவிடுவென்று உள்ளே போனாள். மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்று நினைத்தேன். குடையும் செருப்புமாகத் திரும்பி வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"உன்கூடத்தான். நீ அங்க போயி வாயத் தொறக்க மாட்ட. என்னைப் பாத்து மட்டுந்தான் தொறப்ப."

முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைத் தெருக்களுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். டார்ட் ஆறட்டும், வாசனை போகட்டும் என்று நடக்கப் பார்த்தேன். அவள் ரிக்ஷாவைக் கூப்பிட்டுவிட்டாள். மடியில் வைத்திருந்த தட்டு சாய்ந்து, ஊற்றியதில் கொஞ்சம் என் புடவையில் வழிந்தது. கொஞ்ச தூரம் போனதும் ரிக்ஷாக்காரர் திரும்பினார்.

"யம்மா, ரெண்டு பேர்ல யாரு இப்பவே பண்டிகைய ஆரம்பிச்சது?"

"ரோட்டப் பாத்து மிதிங்க" என்றாள் பிலோமினா. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளை முறைத்தது அதுதான் முதல் தடவை.

டோரதி அம்மாவே கதவைத் திறந்தார். உள்ளே நீள மேசையில் வெள்ளைத் துணி, விருந்தாளிகள் ஐந்தாறு பேர். தட்டை வைத்த உடனே அவர் முகம் மாறியது.

"ஞானம், இதிலே மதுபானத்தின் வாசனை உண்டு."

நான் சொல்ல வந்ததெல்லாம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிலோமினா முன்னால் வந்தாள்.

"உண்டுங்கம்மா. ஊத்துனது எங்க தம்பி. எங்க ஊர்ல பாட்டில் இல்லாம ஒரு தட்டு வந்தா, அந்த வீட்டுல இல்லாமதான் வந்துச்சுன்னு அர்த்தம். அதைக் கேக்க மாட்டாங்க, அவங்க பாட்டில்லேந்து ஊத்திடுவாங்க. கேட்டா அந்தப் பொம்பளைக்கு அவமானம். இவளுக்கு இது தெரியாது, இவ கைய கழுவிட்டு வர்றதுக்குள்ள ஊத்திட்டான். குடிக்கிற குடும்பமில்லீங்க இது. இவ வீட்டுக்காரன் டீயத் தவிர ஒண்ணும் தொடமாட்டான்."

டோரதி அம்மாவுக்கு அதில் பாதி புரிந்திருக்கும். அவர் என்னைத்தான் பார்த்தார். அப்போது எனக்கு வாய் வந்தது.

"நீங்க சாப்புட வேணாம்மா. மேல வேணாம். அடியை மட்டும் பாருங்க."

கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினார். ஓரத்தில் கத்தி இறங்கும்போது மொறுக்கென்று சத்தம் வந்தது. துண்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ரொட்டி அடி மாதிரிப் பழுப்பாக, காய்ந்து, கல் சூட்டில் சிவந்த சின்னச் சின்னப் புள்ளிகூடத் தெரிந்தது. ரம் அதுவரை இறங்கவில்லை. அடிமாவை மட்டும் உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மென்று முடிக்கும்வரை நானும் பிலோமினாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் உட்கார்ந்துகொண்டு, எங்களையும் உட்காரச் சொல்லி, இந்த டார்ட் பிறந்த கதையைச் சொன்னார். அவர் நாட்டில் பேக்வெல் என்று ஒரு ஊர். அங்கே வழிப்போக்கர் தங்கும் சத்திரம் ஒன்று. ஒருநாள் பெரிய மனிதர்கள் சாப்பிட வருகிறார்கள். சத்திரத்து எஜமானி அவசரமாகச் சமையல்காரியிடம் செய்முறையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முட்டையும் பாதாமும் மாவோடு சேர வேண்டியவை. சமையல்காரி அதை மறந்து, ஜாமைத் தடவிய பிறகு மிச்சத்தை மேலே ஊற்றிவிட்டாள். எஜமானி தலையில் அடித்துக்கொண்டாளாம். ஆனால் சாப்பிட்டவர்கள் இன்னொரு துண்டு கேட்டார்களாம்.

"இது மெய்யோ பொய்யோ நான் அறியேன்" என்றார். "அந்த ஊரிலே கடைக்குக் கடை, உண்மையான செய்முறை எங்களிடமே உள்ளது என்று வழக்காடுகிறார்கள். என் தாயார் எதையும் நம்பவில்லை. அடி வேகட்டும் என்பார்கள்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசை ஓரத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இரண்டாவது துண்டைத் தானே வெட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். டோரதி அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கொஞ்ச நேரத்தில் தட்டில் தூள்தான் மிச்சம்.

"பண்டிகை முடிந்து திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வா. ரம் இல்லாமல்" என்றார்.

"சரிங்கம்மா. ஆனா பாட்டில் இல்லாம தட்டு போனா அவரு மறுபடியும் ஊத்துவாரு. வேணாம்னு சொன்னாலும் நான் கூச்சத்துல சொல்றேன்னு நெனச்சிக்குவாரு."

அவர் யோசித்தார். பிலோமினா யோசிக்காமல் சொன்னாள், "அப்ப ஒரு பாட்டில்ல எலுமிச்சம்பழ சர்பத்து குடுத்து வுடு."

அப்படித்தான் ஆனது. அடுத்தடுத்த தட்டுகள் சர்பத் பாட்டிலோடு போயின. அந்துவான் அண்ணன் அதைச் சுடச்சுட ஊற்றினார். எலுமிச்சைப் புளிப்பு வாதாங்கொட்டைக்கு ரம்மைவிட நன்றாகச் சேர்ந்தது. டோரதி அம்மா ஊருக்குத் திரும்பும்வரை எட்டு வருடம் அந்த வீட்டில் சமைத்தேன். பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். பிலோமினா முத்தியால்பேட்டை முழுக்க அந்தச் சர்பத் டார்ட் தன் கைப்பக்குவம் என்று சொல்லிவைத்திருக்கிறாள், அவள் பேத்திகளும் அப்படியே சொல்கிறார்கள். அவள் சொன்னது ஒரு வார்த்தை. மாவு, ஜாம், பருப்பு, பஸ், எல்லாம் நான். அன்று அவள் என்கூட வந்ததை மறக்கவில்லை. கேக்கைத் தட்டியதையும் மறக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: டிசம்பரில் போங்கள், வெண்ணெய் சொன்னபடி கேட்கும். விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிகள் குறைந்துவிட்டாலும் அடியோடு போய்விடவில்லை, இரண்டு நாள் முன்பே போய்க் கேட்டு வையுங்கள். காலை ரொட்டி இறங்கும் முன் தட்டை நீட்டாதீர்கள். டார்ட்டுக்கு அடி கனமில்லாத தட்டு எடுங்கள், கலவையைத் தனியாகக் கொண்டுபோய் அடுப்பு வாயில் ஊற்றுங்கள். கடலூர் ரோட்டில் பஸ்ஸானால் ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், வெயில் தட்டில் விழும். எதை ஊற்ற வேண்டும், எதை ஊற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள்.

அன்று திரும்ப ஆறரை பஸ்தான் கிடைத்தது. காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கியபோது என் வீட்டுக்காரர் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். காலையில் மாட்டிய சட்டை கசங்கவே இல்லை, நாளெல்லாம் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்குப் பயம். தட்டை வாங்கிக்கொண்டார், மூக்கைச் சுளித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஞானம், குடிச்சியா?"

"இல்ல" என்றேன். "வேல கெடச்சிது."